வாசல் யாருடையது?

சென்ற மாதம் பழனிக்குப் போயிருந்தேன். துணைக்கு என் அக்காள் மகன் வந்தான். மலை ஏறுவதற்கு முன்னால் அடிவாரத்தில் எங்கள் கைப்பேசிகளை ஒப்படைத்துவிட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டோம். 2023 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் மலைக்கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது என்பது ஏற்பாடு. விஞ்ச் வேண்டாம், ரோப் காரும் வேண்டாம், யானைப் பாதையாகவே ஏறிவிடலாம் என்று வீறாப்பாகக் கிளம்பியவன் நான்தான். பாதி வழியில் மூச்சு வாங்க ஒரு திண்ணையில் உட்கார்ந்தவனும் நான்தான்.

பையன் சும்மா இருக்கவில்லை. "மாமா, முருகன் சந்நிதிக்குள்ளே போன் வேண்டாம் என்றால் அது நியாயம். ஆனால், நம் காசு போட்டு நாம் வாங்கின போனுக்குள்ளே எது வரலாம், எது வரக் கூடாது என்று எங்கோ இருக்கிற கம்பெனிக்காரன் தீர்மானிக்கிறானே, அது என்ன நியாயம்?" என்றான்.

கேள்வி சின்னதுதான். பதில் சொல்லப் பதினெட்டு வருஷத்துச் சரித்திரத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

2007 ஜனவரி 9-ஆம் தேதி ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில், ஆப்பிள் கம்பெனியின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன் என்ற புதிய கருவியைத் தூக்கிக் காட்டினார். விரலால் தடவினால் போதும், பொத்தானே வேண்டாம் என்றதும் உலகம் வாயைப் பிளந்தது. ஜூன் 29-ஆம் தேதி அது கடைக்கு வந்தது. வாங்கிப் பார்த்த உற்சாகிகளுக்குத்தான் முதல் ஏமாற்றம். கம்பெனி வைத்து அனுப்பிய செயலிகளைத் தவிர வேறு ஒன்றையும் அதில் ஏற்ற முடியாது. கண்டவர்கள் எழுதிய செயலி ஒன்று கோளாறு செய்தால் தொலைபேசி வலைப்பின்னலே பழுதாகிவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம்.

உற்சாகிகள் கேட்பார்களா? சில வாரங்களிலேயே பூட்டை உடைக்கும் வழி கண்டுபிடித்து, அதற்குச் 'சிறையுடைப்பு' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அக்டோபர் மாதம் ஆப்பிள் இறங்கி வந்தது. 2008 ஜூலை 10-ஆம் தேதி ஐந்நூறு செயலிகளுடன் கடையைத் திறந்தது. ஆனால் வாசலில் ஒரு காவற்காரன். ஒவ்வொரு செயலியையும் கம்பெனி பார்த்து, சரி என்றால்தான் உள்ளே விடும். விலை வைத்து விற்றால் நூற்றுக்கு முப்பது கம்பெனிக்கு.

இதற்கிடையில் 2007 நவம்பர் 5-ஆம் தேதி கூகிள் முதலிய 34 நிறுவனங்கள் கூடி ஆண்டிராய்டை அறிவித்தன. மூல நிரலையே ஊரறிய வைத்துவிடுகிறோம், எவரும் எடுத்துக்கொள்ளலாம், எந்தக் கடைச் சரக்கையும் ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு பக்கம் காவல் போட்ட மாளிகை. மறு பக்கம் திறந்து கிடக்கும் சத்திரம். அன்று தொடங்கிய வழக்கு இன்னும் தீரவில்லை.

"இதெல்லாம் சீமையில் நடந்த சண்டை. நமக்கு என்ன?" என்று வாசகர்கள் கேட்கலாம். நமக்குத்தான் இதில் பெரிய பங்கு இருக்கிறது. அந்தப் பங்கின் பெயர் தமிழ்.

ஐபோன் பிறப்பதற்கு முன்பே, 2005-ஆம் ஆண்டுப் பொங்கலை ஒட்டி, மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 'செல்லினம்' என்ற செயலியைச் சிங்கப்பூரில் வெளியிட்டார். பொத்தான் போனில் தமிழில் குறுஞ்செய்தி எழுதி அனுப்பலாம். எப்படி முடிந்தது? அந்நாள் போன்களில் ஜாவா என்ற பொது ஏற்பாடு இருந்தது. போன் செய்த கம்பெனிக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. தமிழ் தெரிந்த ஒருவர் செயலி எழுதினால் போதும். கதவு ஓர் ஒண்டி ஆள் நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. அவ்வளவுதான் தமிழுக்குத் தேவைப்பட்டது.

2008 ஆகஸ்டு 22-ஆம் தேதி ஐபோன் இந்தியாவுக்கு வந்தது. விலை 31,000 ரூபாய். என் மருமகன் அப்போது கல்லூரி மாணவன். கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தவன், "மாமா, அதிலே தமிழில் எழுத முடியாதாம்" என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும் என்ற நரியின் கதைதான். என்றாலும் சொன்னது பொய் அல்ல.

பின்னால் செல்லினம் ஐபோனிலும் ஏறியது. ஆனால் வெளியார் செய்த விசைப்பலகையை மற்ற செயலிகளுக்குள் விட ஆப்பிள் சம்மதிக்கவில்லை. ஆகவே, செல்லினத்துக்குள் எழுதி, அதை எடுத்துக்கொண்டுபோய் வேறிடத்தில் ஒட்ட வேண்டும். சொந்த அடுக்களையில் தோசை சுடக் கூடாது, பக்கத்து வீட்டில் சுட்டு எடுத்துவந்து சாப்பிடலாம் என்பது போன்ற சலுகை.

ஆண்டிராய்டு 2009-இலேயே வெளியார் விசைப்பலகைக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனால் திறந்த சத்திரத்தில் பாய் தலையணை கிடையாது! எழுதலாம், எழுதியதைப் படிக்க முடியாது. ஆரம்பப் பதிப்புகளில் தமிழ் வெறும் கட்டங் கட்டமாகத் தெரிந்தது. அப்போது ஓபரா மினி என்ற உலாவி கைகொடுத்தது. அதன் அந்தரங்க அமைப்புகளுக்குள் புகுந்து ஒரு விருப்பத்தை மாற்றினால், தமிழ் எழுத்துக்களை எங்கோ ஒரு கணினியில் படமாக்கி அனுப்பிவைக்கும். அந்த வித்தையை ஒருவர் காதை ஒருவர் கடித்துச் சொல்லிக்கொடுத்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. என் தொடர்கதையின் அத்தியாயம் ஒன்றைக் கைப்பேசியில் முதன்முதலாக நான் படித்தது அப்படித்தான்.

கடைசியில் 2013-இல் ஆப்பிளே தன் கருவியில் அஞ்சல், தமிழ் 99 என்ற இரண்டு விசை முறைகளையும் சேர்த்தது. மறு வருஷம் வெளியார் விசைப்பலகைக்கும் கதவு திறந்தது. ஆறு வருஷம் காத்திருந்தோம். கோடிக்கணக்கானவர் பேசும் தமிழே காத்திருக்க நேர்ந்தது என்றால், சில ஆயிரம் பேர் பேசும் மலைமொழிகளுக்காக எந்தக் கம்பெனி கவலைப்படப் போகிறது? அந்த மொழிக்காரர் ஒருவர் தாமே செய்துகொள்ள இடம் இருந்தால்தான் உண்டு.

இத்தனையும் சொன்னதும் பையன் குதூகலித்தான். "அப்படியானால் திறந்த கதவுதான் சரி என்கிறீர்கள்!"

"அவசரப்படாதே, மாப்பிள்ளை" என்றேன்.

என் சிநேகிதர் ஒருவர், ஓய்வு பெற்ற வாத்தியார். ஒரு நாள் அவர் போனுக்குக் கல்யாணப் பத்திரிகை ஒன்று வந்தது. யார் வீட்டுக் கல்யாணமோ என்று தொட்டார். அது பத்திரிகை அல்ல, கடைக்கு வெளியிலிருந்து வந்த செயலி. மறுநாள் பென்ஷன் கணக்கில் நாற்பதாயிரம் ரூபாயைக் காணோம். விசைப்பலகையும் அப்படித்தான். நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. ரகசியச் சொல் உள்பட. காவற்காரன் தேவையே இல்லை என்று அந்த வாத்தியாரிடம் போய்ச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ராஜாங்கங்களும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திண்டாடுகின்றன. 2022 அக்டோபரில் நமது போட்டி ஆணையம் ஆண்டிராய்டு விஷயமாகக் கூகிளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மறு வருஷம் மேல்முறையீட்டில் அபராதம் நின்றது. நிபந்தனைகளில் சில நிற்கவில்லை. 2024 மார்ச்சு முதல் ஐரோப்பியச் சட்டத்துக்குப் பணிந்து ஆப்பிள் அங்கே வேற்றுக் கடைகளை அனுமதித்தது. அங்கே கதவு அகலும்போது இங்கே ஒடுங்குகிறது. 2025 ஆகஸ்டில் கூகிள், ஆண்டிராய்டுச் செயலி எழுதுகிறவர்கள் தங்கள் பெயர் விலாசத்தைப் பதிவு செய்தே தீரவேண்டும் என்று அறிவித்தது. உற்சாகிகள் கூச்சல் போட்டபின், விவரம் அறிந்தவர்களுக்கு ஒரு தனி வழி விடுவதாகச் சொன்னது.

இதைப் படித்தபோது எனக்கு 1835-ஆம் வருஷம் ஞாபகம் வந்தது. அச்சுக்கூடத்துக்கு லைசென்ஸ் கேட்கும் முறையை மெட்காப் அந்த வருஷச் சட்டத்தால் எடுத்தார். ஆனால் அச்சிடுகிறவர் தம் பெயரையும் இடத்தையும் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று வைத்தார். அதன்பின் நம்மவர் அச்சுக்கூடங்கள் பெருகின; ஏடுகள் புத்தகங்களாயின. பெயர் கேட்பது வேறு, அனுமதி கேட்பது வேறு. அச்சடித்தது குற்றமானால் பெயரைக் கொண்டு வழக்குப் போடலாம். அச்சடிக்குமுன் தடுக்க அந்தப் பெயர் அதிகாரம் தராது. ஆனால் 1835-இல் பெயரை வாங்கி வைத்துக்கொண்டது சர்க்கார். அதன்மேல் கேள்வி கேட்க நியாயஸ்தலம் உண்டு. இன்று பெயரை வாங்கி வைத்துக்கொள்வது ஒரு வியாபாரி. நாளைக்கு அவருக்குப் பிடிக்காத பெயரை அடித்துவிட்டால் எங்கே போய் முறையிடுவது? என் கவலை அதுதான்.

தரிசனம் முடித்துப் பஞ்சாமிர்தத்துடன் இறங்கினோம். சீட்டைக் கொடுத்ததும் கைப்பேசி திரும்பக் கிடைத்தது.

"பார்த்தாயா? இங்கே எதற்காக வாங்குகிறார்கள் என்று எழுதிப் போட்டிருக்கிறது. எவ்வளவு நேரத்துக்கு என்பதும் நமக்குத் தெரியும். திருப்பியும் கொடுத்துவிடுகிறார்கள். காவல் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்றேன்.

அவன் பதில் சொல்லவில்லை. திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் இந்தக் கட்டுரையில் பாதியை, யாரையும் கேட்காமல், கைப்பேசியிலேயே தமிழில் எழுதி முடித்துவிட்டேன்.