மெகி கோரேங்: ஒரு தட்டில் இரு பசிகளின் வரலாறு



அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் என எந்தக் கெடா நகரத்திற்குச் சென்றாலும் மாமாக் உணவகங்களில் மெகி கோரேங் கிடைக்கும். நம் மாணவர்கள் விரும்பி உண்ணும் உணவு அது. அதற்கு அடிப்படையான உடனடி மீ ஜப்பானில் பிறந்தது. அதற்குச் சுவையூட்டும் மசாலையோ தென்னிந்தியத் தமிழரின் கைப்பக்குவம். இவ்விரண்டும் மலேசிய வாணலியில் சந்தித்ததன் பின்னணியில் ஒரு பெரும் போரும் இரு நாடுகளின் பசியும் உள்ளன.

தோட்டங்களின் பசி

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவிலும் தென் சயாமிலும் தரையிறங்கின. சயாம் வழியே கெடாவுக்குள் நுழைந்த படை, டிசம்பர் 11 முதல் 13 வரை ஜித்ராவில் நடந்த போரில் பிரிட்டிசாரை முறியடித்தது. 1943 அக்டோபரில் கெடா சயாமின் ஆட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது.

கெடா மலாயாவின் நெற்களஞ்சியம். ஆயினும் இரப்பர் மரம் சீவிய தமிழருக்குச் சொந்த வயல் இல்லை. மலாயாவுக்குத் தேவையான அரிசியில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. போரினால் அவ்வரவு குன்றியது. இரப்பர் ஏற்றுமதி முடங்கியதால் வேலையும் கூலியும் குறைந்தன. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. சோறு இருந்த இடத்தில் மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் வந்து அமர்ந்தன.

அதனினும் கொடியது சயாம் மரண இரயில் பாதை. சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். காலரா, மலேரியா, பட்டினி ஆகியவற்றால் மாண்டோர் பலர்; ஊர் திரும்பாதோரின் பெயர்கள்கூட முழுமையாகப் பதிவாகவில்லை.

ஒசாகாவின் பசி

போரைத் தொடுத்த ஜப்பானும் 1945இல் தோல்வியுற்றுப் பசியில் வாடியது. ஒசாகாவின் இடிபாடுகளுக்கிடையே ஒரு கிண்ணம் சூடான ராமெனுக்காக மக்கள் குளிரில் வரிசையில் நின்றனர். அக்காட்சியே தம் மனத்தில் ஆழப் பதிந்ததாகப் பின்னாளில் கூறியவர் மொமொஃபுகு ஆண்டோ. ஜப்பானிய ஆட்சியிலிருந்த தைவானில் 1910இல் பிறந்த அவர், ஒசாகாவை அடுத்த இக்கேடாவில் தம் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் ஆய்வு செய்து, 1958 ஆகஸ்டு 25இல் உலகின் முதல் உடனடி மீயை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

அதன் நுட்பம் எளியது. அவித்துச் சுவையூட்டிய மீயைக் கொதிக்கும் எண்ணெயில் பொரித்தால், அதிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும்; மீயில் நுண்துளைகள் தோன்றும். பின்னர் வெந்நீர் ஊற்றும்போது அத்துளைகள் வழியே நீர் புகுந்து, மீ மீண்டும் மென்மையாகிறது.

வாணலியில் ஒரு சந்திப்பு

மீ எனும் சொல்லையும் மஞ்சள் மீயையும் இந்நாட்டிற்குக் கொண்டுவந்தவர்கள் சீனர்கள். இராமநாதபுரம், கடையநல்லூர் முதலிய ஊர்களிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அதனை மிளகாய் விழுதும் உருளைக்கிழங்கும் சேர்த்து மீ கோரேங் ஆக்கினர். 1970களில் சுவிட்சர்லாந்துப் பெயரைத் தாங்கிய மெகி மீ மலேசியக் கடைகளில் பரவியபோது, அதுவும் அதே வாணலியில் விழுந்தது!

செய்முறையைக் காண்போம். மீயைக் கொதிநீரில் ஒரு நிமிடம் மட்டுமே இட்டு, சற்று விறைப்பாக இருக்கும்போதே வடித்துவிட வேண்டும். சூடான எண்ணெயில் பூண்டும் வெங்காயமும் வதக்கி, மிளகாய் விழுது, சிறிது மசாலைத்தூள், அவித்த உருளைக்கிழங்கு, தவ்பூ, சாவிக் கீரை ஆகியவற்றைச் சேர்ப்பர். முட்டையை உடைத்துக் கிளறி, மீயையும் கிச்சாப்பையும் இட்டுப் பெருந்தீயில் புரட்டி, எலுமிச்சை பிழிந்து பரிமாறுவர். நம் வீடுகளில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால், அதன் மணமே மாறிவிடும். பொட்டலத்திலுள்ள தூளில் உப்பு மிகுதி, பாதி போதும்.

நாம் செய்ய வேண்டுவது

ஆண்டோவின் கொட்டகையைப் போன்றதொரு மாதிரி இன்று ஜப்பானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அவர் கண்ட பசி உலகறிந்த வரலாறாயிற்று. நம் தோட்டத்துப் பசியோ பெரும்பாலும் பாட்டிமாரின் வாய்மொழியிலேயே தங்கிவிட்டது. அக்காலத்தைக் குழந்தைகளாகக் கண்டவர்களும் இன்று தொண்ணூறை நெருங்கிவிட்டனர், பலர் மறைந்துவிட்டனர். தோட்டங்கள் பலவும் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன.

2014 முதல் நான்காம் ஆண்டிலேயே வரலாறு தனிப்பாடமாகக் கற்பிக்கப்படலாயிற்று. பாடநூலில் ஜப்பானியர் ஆட்சி சில பக்கங்களில் முடிந்துவிடும். எனவே ஆசிரியர்கள் மாணவர்களுக்கு ஓர் எளிய பணியைத் தரலாம்: "ஜப்பான்காரன் காலத்தில் நம் குடும்பத்தார் என்ன உண்டனர்? யார் சயாமுக்குப் போயினர்? யார் திரும்பி வந்தனர்?" என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதச் செய்யலாம். நேரில் கண்டவர் இல்லையெனில், அவர்களிடம் கேட்டறிந்த பிள்ளைகளேனும் இருப்பர்.

பெற்றோர்களே, அடுத்த முறை பிள்ளைகள் மெகி கோரேங் கேட்டால் மறுக்க வேண்டாம். வாங்கிக் கொடுங்கள், மரவள்ளிக்கிழங்கின் கதையையும் கூடவே சொல்லிக்கொடுங்கள்.