ரேஸ் முடிஞ்சாச்சு... அடுத்து என்ன? - ட்ரையத்லான் ஆஃப் சீசன் கைடு!

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் ஒரே மூச்சில் முடிப்பதுதான் ட்ரையத்லான். 1978-ல் ஹவாயில் தொடங்கிய அயர்ன்மேன் போட்டியில் 3.8 கி.மீ நீச்சல், 180 கி.மீ சைக்கிள், 42.2 கி.மீ ஓட்டம். அதில் பாதி தூரம்தான் '70.3'. 2019-ல் கோவாவுக்கும் வந்துவிட்டது. வேலைக்குப் போய்க்கொண்டே இதற்குத் தயாராகிறவர்களுக்கு, ஆஃப் சீசன் ரொம்ப முக்கியம்.

ஓய்வு: முதல் இரண்டு, மூன்று வாரம் அட்டவணைக்கு லீவு. நடக்கலாம், ஜாலியா நீந்தலாம். முழங்கால், தோள்பட்டை வலியைக் கவனிக்க இதுதான் நேரம். வலியோடவே ட்ரெய்னிங்கைத் தொடங்கினா, அது பெருசாகும்.

அலசல்: மூணு விளையாட்டு, நடுவில் உடை, ஷூ மாற்றும் இரண்டு ட்ரான்ஸிஷன். எங்கே நேரம் போச்சுன்னு பாருங்க. ஓட்டத்தில் தளர்ந்துட்டீங்களா? சைக்கிளை ஆரம்பத்திலேயே வேகமா மிதிச்சதுகூட காரணமா இருக்கலாம்.

இலக்கு: 'வேகமா முடிக்கணும்' என்பது ஆசை. 'வாரம் மூணு நாள் நீச்சல்' என்பது இலக்கு.

ஸ்பான்சர் கியர்: அமெச்சூர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பணமில்லை, தள்ளுபடியோ, இலவசப் பொருளோதான். பதிலுக்குப் போஸ்ட் போடச் சொல்வாங்க. கையெழுத்துப் போடும் முன்னாடி, அந்த ஷூ உங்களுக்கு செட் ஆகுதான்னு நாலு நாள் ஓடிப் பாருங்க. ரேஸ் அன்னைக்குப் புதுசா எதையும் போடக் கூடாது. விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டை, பார்க்க நல்லா இருந்தாலும் மாத்திடுங்க.

லோகோ யாருடையதா இருந்தாலும், கடிக்கிற ஷூவோட 21 கி.மீ ஓடப்போறது உங்க கால்தான்!