சினிமா கேம் எல்லாம் மொக்கையா? ஒரு சின்ன வரலாறு

சினிமாவை வைத்து ஒரு வீடியோ கேம் வருகிறது என்றாலே, விளையாடிப் பார்ப்பதற்கு முன்பே "மொக்கையாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் அது பலித்தும் விடுகிறது. ஆனால் ஏன் அப்படி? கேம் செய்கிறவர்களுக்குத் திறமை இல்லையா? சினிமாக் கதை விளையாட்டுக்கு ஒத்துவராதா? கொஞ்சம் பழைய கதையைப் புரட்டிப் பார்த்தால், முக்கியமான காரணம் இரண்டுமே இல்லை என்று தெரிகிறது. நாள் கணக்குதான் காரணம்.

நம்ம பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் பிறந்த ஏ.ஆர்.முருகதாஸ் 2005ல் சூர்யாவை வைத்து 'கஜினி' எடுத்தார். அதையே ஆமிர்கானை வைத்து இந்தியில் எடுக்க, 2008 டிசம்பர் 25 அன்று படம் வந்தது. உள்நாட்டு நிகர வசூலில் 100 கோடி ரூபாயைத் தாண்டிய முதல் இந்திப் படம் அதுதான். படம் வந்த சமயத்திலேயே ஹைதராபாத்தைச் சேர்ந்த எஃப்எக்ஸ்லேப்ஸ் நிறுவனம் செய்த கஜினி பிசி கேமும் வந்தது. இந்தியாவின் முதல் 3டி பிசி கேம் என்று விளம்பரம் செய்தார்கள். மொத்தம் ஐந்து கட்டங்கள். ஹீரோ சஞ்சய் அடிதடியும் ஆயுதங்களுமாக வில்லனைத் தேடிப் போக வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். பதினைந்து நிமிடம்தான் ஞாபகம் நிற்கும். உடம்பில் பச்சை, கையில் போட்டோ, இவற்றை வைத்துக்கொண்டு கொலைகாரனைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு அட்வெஞ்சர் கேமுக்கு இதைவிட நல்ல கரு எங்கே கிடைக்கும்? ஆனாலும் இன்று கஜினி என்றால் படம்தான் ஞாபகத்துக்கு வருகிறது, கேம் வருவதில்லை. 2011 அக்டோபரில் ஷாருக்கானின் 'ரா.ஒன்' வந்தபோதும் பிஎஸ்2, பிஎஸ்3 இரண்டுக்கும் கேம் விட்டார்கள். அந்தப் படத்தின் கதையே வீடியோ கேம் வில்லன் வெளியே வருவதுதான்! இந்த இரண்டு கேமுமே படத்தின் ரிலீஸ் தேதியை ஒட்டித்தான் கடைக்கு வந்தன.

ரிலீஸ் தேதி ஒரு கேமை என்ன செய்யும் என்பதற்கு, உலகத்திலேயே பேர்போன உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. 1982ல் அடாரி 2600 என்ற இயந்திரத்துக்காக ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற புரோகிராமர் இரண்டு சினிமா கேம்கள் செய்தார். இரண்டும் அட்வெஞ்சர் வகை. இரண்டுமே ஸ்பீல்பெர்க் படங்கள்.

முதலாவது, இண்டியானா ஜோன்ஸ் வரிசையின் முதல் படமான 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்'. படம் 1981 ஜூனில் வந்தது, கேம் 1982 நவம்பரில்தான் வந்தது. வார்ஷாவுக்குப் பல மாதங்கள் கிடைத்தன. ஒரு ஜாய்ஸ்டிக்கில் ஹீரோவை நகர்த்தி, இன்னொன்றில் கையில் உள்ள பொருளைத் தேர்ந்தெடுக்கும்படி செய்தார். கஷ்டமான விளையாட்டுதான், ஆனாலும் பேர் கிடைத்தது.

இரண்டாவது 'ஈ.டி.'. 1982 ஜூனில் வந்த படம் வசூலில் எல்லாவற்றையும் முறியடித்துக்கொண்டிருந்தது. உரிமைக்கு அடாரி 2 கோடி முதல் 2.5 கோடி டாலர் வரை கொடுத்ததாகச் சொல்வார்கள். பேரம் முடிந்ததே ஜூலை கடைசியில். கிறிஸ்துமஸ் விற்பனைக்குக் கடையில் இருக்க வேண்டுமென்றால் செப்டம்பர் 1க்குள் புரோகிராம் முடிந்தாக வேண்டும். அதாவது ஐந்தே வாரம்! பேக்மேன் மாதிரி எளிமையாக ஏதாவது செய்யலாமே என்று ஸ்பீல்பெர்க்கே கேட்டாராம். வார்ஷா கேட்கவில்லை. போனின் பாகங்களைக் குழிகளில் தேடிச் சேர்த்து, ஈ.டி. தன் வீட்டுக்குப் பேசுவது மாதிரி செய்தார். ஆனால் அந்தக் குழிகளில் தேவையில்லாமல் விழுந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தால் மறுபடியும் விழுவோம். அதுதான் முக்கியமான புகார்.

ஒரே ஆள், ஒரே இயந்திரம், ஒரே இயக்குநரின் படம். மாறியது நாட்கள்தான். நம்ம ஊர் பீங்கான் தொழிற்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சூளையை ஆறவிடாமல் திறந்தால் சரக்கு விரிசல் விட்டுவிடும் என்று. மண்ணும் நல்ல மண்தான், வேலை செய்தவரும் நல்ல வேலைக்காரர்தான். லாரி வாசலில் நிற்கிறது என்பதற்காக சூடு சீக்கிரம் இறங்கிவிடுமா?

இதில் இன்னொரு விஷயம். 'உலகத்திலேயே மோசமான கேம்' என்ற பட்டம் ஈ.டி.க்கு உடனே கிடைத்துவிடவில்லை. வந்த புதிதில் விமர்சனங்கள் கலவையாகத்தான் இருந்தன. சுமார் 15 லட்சம் விற்றது. அந்தக் காலத்தில் அது சின்ன எண்ணிக்கை அல்ல. ஆனால் அடாரி தயாரித்தது சுமார் 40 லட்சம்! விற்காத சரக்கைக் கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். 1983 செப்டம்பரில் நியூ மெக்சிகோவின் அலமோகோர்டோ குப்பை மேட்டில் லாரி லாரியாகக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். அந்த வருடம் அடாரியின் நஷ்டம் 50 கோடி டாலருக்கு மேல்.

அதற்குப் பிறகுதான் கதை வளர்ந்தது. ஒரே ஒரு கேம் ஒரு தொழிலையே கவிழ்த்தது என்றார்கள். பல வருடம் கழித்து வந்த 'மோசமான கேம்' பட்டியல்களில் ஈ.டி. முதலிடம் பிடித்தது. 2014 ஏப்ரலில் அந்த மேட்டைத் தோண்டிப் பார்த்தபோது சுமார் 1,300 கேட்ரிட்ஜ்கள் எடுத்தார்கள். அதில் ஈ.டி. ஒரு பங்குதான். 'சென்டிபீட்' போன்ற பேர்பெற்ற கேம்களும் கூடவே கிடந்தன. ஆக, புதைந்து கிடந்தது ஒரு மோசமான கேம் இல்லை, கணக்கில்லாமல் தயாரித்த சரக்கு. அதற்கு முந்தைய வருடமே ஒரு ரசிகர் ஈ.டி.யின் புரோகிராமில் சில மாற்றங்கள் செய்து அந்தக் குழிப் பிரச்சனையைச் சரிசெய்து காட்டிவிட்டார். இன்னும் கொஞ்சம் நாள் கொடுத்திருந்தால் வார்ஷாவே செய்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாள் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஜேம்ஸ்பாண்டின் 'கோல்டன்ஐ' படம் 1995 நவம்பரில் வந்தது. இங்கிலாந்தின் ரேர் நிறுவனம் செய்த கேம் 1997 ஆகஸ்டில்தான் வந்தது. கேம் செய்தவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் ஒரு கேம்கூடச் செய்யாத புதுப்பையன்கள். ஆனால் விமர்சகர்கள் கொண்டாடினார்கள், 80 லட்சத்துக்கு மேல் விற்றது. இண்டியானா ஜோன்ஸ் வரிசையிலேயே பாருங்கள். 1992ல் வந்த 'ஃபேட் ஆஃப் அட்லாண்டிஸ்' எந்தப் படத்தின் கதையும் இல்லை, தனிக்கதை. புத்தியால் போகலாம், முஷ்டியால் போகலாம், துணையோடு போகலாம் என்று மூன்று வழி வைத்தார்கள். இன்றும் சிறந்த அட்வெஞ்சர் கேம்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். 2024 டிசம்பரில் வந்த 'த கிரேட் சர்க்கிள்' கேமும் எந்தப் படத்தின் ரிலீஸையும் துரத்தவில்லை. நல்ல பெயர் வாங்கியது.

விதிவிலக்கே இல்லையா என்றால் இருக்கிறது. 2004ல் 'ரிடிக்' படத்தோடு சேர்ந்தே வந்த கேம், படத்தைவிட அதிகம் பாராட்டப்பட்டது. அதுவும் படத்தின் கதையைச் சொல்லாமல், அதற்கு முந்தைய கதையைச் சொந்தமாகச் சொன்ன கேம்.

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. அடாரியின் கணக்கில் உரிமைக்குக் கொடுத்த பணத்துக்கு ஒரு வரி இருந்திருக்கும், சரக்குக்கு ஒரு வரி இருந்திருக்கும், விளம்பரத்துக்கும் இருந்திருக்கும். கோடிக்கணக்கான டாலரை உரிமைக்குக் கொடுத்தவர்கள், செய்கிறவருக்குக் கொடுத்தது ஐந்து வாரம். தேதியைக் குறித்தவர்கள் பெயர் நமக்கு ஞாபகம் இல்லை. பழி மட்டும் முப்பது வருடத்துக்கு மேல் வார்ஷாவின் தலையில் இருந்தது. அவரும் கேம் தொழிலை விட்டு, பிற்பாடு மனநல சிகிச்சையாளர் ஆகிவிட்டார்.

அடுத்த முறை ஒரு தமிழ்ப் படத்தோடு கேம் வந்தால், எத்தனை ஸ்டார் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன், செய்தவர்களுக்கு எத்தனை மாதம் கொடுத்தார்கள் என்று விசாரியுங்கள். அதற்கப்புறம் மொக்கை என்று தாராளமாகச் சொல்லலாம். யாரைச் சொல்கிறோம் என்பதாவது சரியாக இருக்கும் :-)