உடனிருப்போர் வரலாறு

ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், குப்பத்தை அடுத்து, குடுபல்லி என்னும் சிறு நிலையம் ஒன்று உண்டு. சித்தூர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடி அது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் அங்கே ஒரே சந்தையில் கேட்கும். பிழைப்பை நாடி மேற்கே சென்ற தமிழர் எத்தனையோ பேர் இந்நிலையத்தைக் கடந்தே சென்றிருக்கின்றனர், இன்றும் செல்கின்றனர்.

இவ்வூரை நாம் இங்கே குறிப்பிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. இதற்குக் கிழக்கே வேலூர், மேற்கே பெங்களூர். மனநோய் கண்டவரைக் காப்பது எப்படி என்ற வினாவுக்குச் சென்ற நூற்றாண்டில் இந்த இரு நகரங்களும் இரு வேறு விடைகளைக் கண்டன. மருந்தைப் பற்றிய விடைகள் அல்ல அவை. ஆளைப் பற்றிய விடைகள். நோயுற்றவர் அருகில் யார் இருப்பது? அவர் உண்ணும்போதும், உறங்காமல் விழித்திருக்கும்போதும், தனக்குத் தானே பேசிக்கொள்ளும்போதும் அவருக்குத் துணை யார்? இவ்வினாவின் வரலாற்றையே நாம் இப்போது எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

நம் நாட்டில் இதற்கு முதலில் கிடைத்த அரசாங்க விடை, காவலாளர் என்பதாகும். சென்னையில் 1794ஆம் ஆண்டில் வாலன்டைன் கானலி என்னும் ஆங்கில மருத்துவர் புரசைவாக்கத்தில் மனநோயாளர் விடுதி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் எனப்பட்ட இடத்தில் அரசாங்க விடுதி அமைந்தது. மதிலும் கதவும் பூட்டும் கொண்ட அவ்விடுதிகளில் பணியாளரின் முதற்கடமை நோயாளி வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்வது. 1912ஆம் ஆண்டுச் சட்டமும் நோயாளியை நோயாளி என்பதைவிட ஆபத்தானவர் என்றே பெரிதும் கருதியது. காவல் இருந்தது, துணை இல்லை.

வேறு நாடுகளில் வேறு முயற்சிகள் முன்னரே நடந்திருந்தன. பெல்ஜியம் நாட்டில் கீல் என்பது ஒரு சிற்றூர். அங்குள்ள புனித திம்ப்னாவின் கோயிலுக்கு இடைக்காலம் முதலே மனநோயாளர் அழைத்து வரப்பட்டனர். கோயிலில் இடம் போதாமற்போகவே, ஊரார் தம் வீடுகளில் அவர்களைத் தங்க வைத்தனர். நாளடைவில் அதுவே ஊரின் வழக்கமாயிற்று. நோயாளி குடும்பத்துடன் உண்டார், வயலில் உடன் உழைத்தார், குழந்தைகளோடு பழகினார். 1938இல் 3,700க்கு மேற்பட்டவர் இவ்வாறு அவ்வூர் வீடுகளில் வாழ்ந்தனர். எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டபோதிலும் அவ்வழக்கம் இன்றும் அற்றுப்போகவில்லை.

இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் நிகழ்ந்தது மற்றொன்று. அந்நகரத்து மனநோய் விடுதியில் ஹன்னா மில்ஸ் என்னும் குவேக்கர் சமயப் பெண் 1790இல் இறந்தார். அவரைப் பார்க்க நண்பர்களுக்கு இசைவு கிடைக்கவில்லை. வில்லியம் டூக் என்னும் தேயிலை வணிகர் இதனால் உள்ளம் வருந்தி, தம் சமயத்தாரின் துணையுடன் 1796இல் 'ரிட்ரீட்' என்னும் இல்லத்தைத் திறந்தார். குவேக்கர்களின் வழிபாடு மௌனத்தில் கூடி அமர்வது. அந்த அமைதியே அவ்வில்லத்தின் பணிமுறையிலும் புகுந்தது. அங்கே சங்கிலி இல்லை, அடி இல்லை. நோயாளியோடு பொறுமையாகப் பேசுவது, தேநீர் விருந்துக்கு அழைப்பது, தோட்டத்தில் வேலை தருவது என்பனவே முறைகள். இல்லத்தை நடத்திய ஜார்ஜ் ஜெப்சன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற மருத்துவர் அல்லர். கலங்கிய மனத்தின் அருகில் இருப்பவர் தாம் கலங்காதிருக்கப் பழக வேண்டும் என்பதே இவ்வில்லம் உலகுக்குக் கற்பித்த பாடம்.

இனி நம் நாட்டிற்கு வருவோம். நாடு விடுதலை பெற்றபின், 1950களில், அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையின் தலைவராக இருந்தவர் மருத்துவர் வித்யாசாகர். பணியாளரோ குறைவு, நோயாளரோ மிகுதி. அவர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்து, நோயாளியின் உறவினரையும் உடன் தங்கச் செய்தார். உறவினர் நோயாளிக்கு உணவூட்டினர், மருந்து தந்தனர், மாலையில் ஒன்றுகூடி மருத்துவரின் விளக்கத்தைக் கேட்டனர். பற்றாக்குறையிலிருந்து பிறந்த இம்முறையில் எதிர்பாராத நன்மையும் விளைந்தது. நோயை அருகிலிருந்து கண்டு அறிந்த குடும்பம் நோயாளியை மருத்துவமனையில் கைவிட்டுச் செல்லவில்லை.

இம்முறை வேலூரில் நிலைத்த நிறுவனமாகவே உருக்கொண்டது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மனநல மையம் பாகாயத்தில் 1957இல் தொடங்கப்பெற்றது. அதற்கு அடித்தளம் இட்டவர் கனடா நாட்டு மருத்துவரான பிளாரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையார். நோயாளியோடு உறவினர் ஒருவராயினும் தங்க வேண்டும் என்பது அம்மையத்தின் நெறி. தமிழரும் தெலுங்கரும், பின்னர் வங்காளத்தினின்று வந்தவரும் அங்கே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டு நோயாளியைப் பேணக் கற்றனர். யார் உடனிருப்பது என்னும் வினாவுக்குக் குடும்பமே என்பது வேலூர் தந்த விடை.

பெங்களூர் தந்த விடையோ வேறு. அங்குள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் 1970களின் நடுவில் சமூக மனநலப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, நகருக்கு அருகிலுள்ள சக்கலவாரா என்னும் சிற்றூரைப் பயிற்சிக் களமாகக் கொண்டது. நாட்டில் மனநோய் மருத்துவர் மிகச் சிலரே. அவர்களுள் பெரும்பாலோர் நகரங்களில் உள்ளனர். ஆகவே ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவருக்கும், வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளருக்கும் இந்நோயைக் கண்டறியப் பயிற்சி தரலாம் என்பது அவர்களது எண்ணம். 1982இல் தேசிய மனநலத் திட்டம் இதனை அடிப்படையாகக் கொண்டே வகுக்கப்பெற்றது. பெல்லாரி மாவட்டத்தில் 1980களில் இது சோதித்துப் பார்க்கப்பட்டது. 1996 முதல் மாவட்ட மனநலத் திட்டமாக நாடெங்கும் பரவத் தொடங்கியது. ஊரறிந்த பணியாளரே துணை என்பது பெங்களூரின் விடை.

இவ்விரண்டு விடைகளுக்கும் முன்பே நம் மக்கள் கண்டிருந்த விடை ஒன்று உண்டு. அது கோயிலும் தர்காவும் ஆகும். திருச்சிராப்பள்ளிக்கு அருகில் காவிரிக் கரையிலுள்ள குணசீலத்தில், பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதியில் 48 நாள் தங்குவது பழைய வழக்கம். வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் ஊரில் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பெங்களூர் நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் ஆராய்ந்தனர். சராசரியாக ஆறு வாரத் தங்கலுக்குப் பின் நோய்க்குறிகள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. அங்கே வதைக்கும் சடங்கு எதுவும் இல்லை. காலை வழிபாடு, கோயிலைப் பெருக்குதல், செடிக்கு நீர் வார்த்தல், உடன் வந்த உறவினரின் துணை ஆகியவையே இருந்தன. சிறிய ஆய்வே எனினும், அமைதியான இடமும் கனிவான மனிதரும் நோயைத் தணிக்க வல்லன என்பதற்கு அது சான்று. தீராத நோய்க்கு மருந்து வேண்டா என்பதற்கு அது சான்றாகாது.

ஆனால் உடனிருப்போர் இல்லாத புண்ணியத் தலம் என்ன ஆகும் என்பதை ஏர்வாடி காட்டிற்று. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவைச் சுற்றிலும் தனியார் கொட்டகைகள் பல எழுந்திருந்தன. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியுமுன் அவற்றுள் ஒன்றில் தீப்பற்றியது. நோயாளர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர்; ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இவ்வழக்கை ஏற்றது. அத்தகைய கொட்டகைகள் மூடப்பட்டன. ஆழ்ந்து நோக்கின், அச்சங்கிலி கொடுமையால் மட்டும் வந்ததன்று. பலரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் ஆளுக்கு ஈடாக வந்தது சங்கிலி. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்று விலக்கியுள்ளது. சமூகத்தின் நடுவே வாழும் உரிமையையும் அவருக்கு அளித்துள்ளது. எனினும் சங்கிலியை நீக்கிய இடத்தில் மனிதரை அமர்த்தினாலன்றிச் சட்டம் நிறைவேறாது.

அந்த மனிதர் எப்படிப்பட்டவராக இருத்தல் வேண்டும்? அமெரிக்காவில் எட்வர்டு போட்வல் என்னும் மனநோய் மருத்துவர் 1981இல் கொலராடோ மாநிலத்தில் 'விண்ட்ஹார்ஸ்' என்னும் முறையைத் தொடங்கினார். பௌத்தத் தியானத்தில் பழகியவர்கள் அதில் பணியாற்றினர். நோயாளி ஒருவர் சாதாரண வீட்டில் வாழ்வார். துணைவர் சிலர் முறை வைத்து அவருடன் சமைத்து, நடந்து, பேசி, பேசாமலும் இருப்பர். அங்கே தியானம் முதலில் பணியாளருக்கே உரியது. நோயாளியின் அச்சத்தைக் கண்டு அஞ்சாமலும், அவரை அவசரமாகத் திருத்த முயலாமலும், அந்த நேரத்தில் முழுக் கவனத்துடன் இருப்பதற்கான பயிற்சி அது. கடும் நோய் மூண்டிருக்கும் வேளையில் நோயாளியை நீண்ட தியானத்தில் அமர்த்துவது தீங்காகலாம் என்று மருத்துவர் எச்சரிப்பர். பெங்களூர் நிறுவனத்திலோ மருந்தோடு சேர்த்து எளிய யோகப் பயிற்சி தரப்பட்டு, அதன் பயன் ஆராயப்பட்டுள்ளது.

நம் தமிழ்நாட்டிலும் இத்துறையில் நல்ல உழைப்பு நடந்துள்ளது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் கண்காணிப்பாளராக விளங்கிய மருத்துவர் சாரதா மேனன், ஓய்வு பெற்றபின் 1984இல் 'ஸ்கார்ஃப்' என்னும் நிறுவனத்தைச் சென்னையில் தோற்றுவித்தார். காஞ்சிபுரம் பகுதியில் அந்நிறுவனமும் பிற இடங்களில் பிற நிறுவனங்களும் சேர்ந்து 282 நோயாளரிடையே ஓர் ஆய்வு நடத்தின. மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்ப் பணியாளர் வீடு சென்று துணை நின்றபோது, மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவரைவிட அவர்கள் ஓரளவு மேம்பட்டனர் என 2014இல் வெளியான முடிவு கூறிற்று. 1993இல் தோன்றிய 'பானியன்' என்னும் சென்னை நிறுவனமோ, நெடுங்காலம் விடுதியில் இருந்த பெண்களை நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்தியது. அவர்களுடன் இருப்போர் பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெண்களே, சம்பளம் பெறுவோர், பயிற்சியும் மேற்பார்வையும் உடையோர்.

சம்பளம், பயிற்சி, மேற்பார்வை என்னும் இம்மூன்று சொற்களும் கருதத்தக்கவை. அன்பு ஒன்றே போதும் என்று சொல்வது எளிது. ஆனால் இரவு பகலாக ஒரே ஆள் விழித்திருந்தால் அன்பும் வற்றும். நம் குடும்பங்களில் இச்சுமை பெரும்பாலும் தாயின் மீதோ மனைவியின் மீதோ விழுகின்றது. அவருக்கு விடுமுறை இல்லை, மாற்றாள் இல்லை, கேட்பாரும் இல்லை. வேலூர் குடும்பத்தை நம்பியது. ஆனால் குடும்பம் சிதறிய காலத்தில் நாம் வாழ்கிறோம். மகன் பம்பாயிலும் மகள் தில்லியிலும் இருக்க, நோயுற்ற தம்பியுடன் ஊரில் தனித்திருக்கும் முதிய தாயை நம்மில் பலர் அறிவோம். பெங்களூர் சுகாதாரப் பணியாளரை நம்பியது. ஆனால் ஒரே பணியாளரின் தலையில் தடுப்பூசி முதல் காசநோய் வரை எல்லா வேலையும் ஏற்றப்பட்டிருக்கின்றது. 2015-16இல் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வு, வயது வந்தோருள் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு உடையவர் என்றும், அவருள் பெரும்பாலார் சிகிச்சை பெறாதவர் என்றும் கண்டது.

வெளிமாநிலத் தமிழருக்கு மேலும் ஓர் இடர் உண்டு. நோய் மொழியைப் பறிப்பதில்லை. ஆயினும் கேட்பவர் இல்லாத மொழி ஊமை மொழியே ஆகின்றது. வேற்றூரில் தெருவில் அலையும் நோயாளி தம் ஊரின் பெயரைத் தமிழில் சொன்னாலும், அதனை உணர்வார் இல்லாமையால் பெயரற்றவராகிறார். மராட்டிய மாநிலத்துக் கர்ஜத்தில் மருத்துவர் பரத் வாட்வானி நடத்தும் 'சிரத்தா' நிறுவனம் இத்தகையோரை மீட்டு, மருந்து தந்து, அவர்தம் நாவில் ஊர்ப் பெயர் வரும் வரை காத்திருந்து, பணியாளர் உடன் சென்று வீட்டில் சேர்க்கின்றது. அப்பணிக்காக 2018இல் அவர் மகசேசே விருது பெற்றார். 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய 'டெலி மானஸ்' என்னும் அரசு தொலைபேசிப் பணியை 14416 என்ற எண்ணில் எம்மாநிலத்திலிருந்தும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அன்பர்களே, குடுபல்லியின் இரு பக்கத்தும் பிறந்த அவ்விரு விடைகளும் ஒன்றையொன்று வேண்டி நிற்கின்றன. குடும்பம் தனியே தாங்காது. பணியாளரும் தனியே தாங்கார். நாம் வாழும் வெளியூர்களில் தமிழ்ச் சங்கங்கள் உள்ளன. அவை பொங்கலுக்குக் கூடுகின்றன; நாடகம் நடத்துகின்றன. நோயுற்ற ஒருவரைப் பேணும் வீட்டிற்கு வாரத்தில் ஒரு மாலை சென்று, அவருடன் தமிழில் இரண்டு சொல் பேசி அமர்ந்திருக்க நான்கு பேர் முறை வைத்துக்கொண்டால், அந்த வீட்டுத் தாய் அன்று ஓர் இரவாயினும் உறங்குவாள். இதற்குப் பட்டம் வேண்டுவதில்லை. மருத்துவரின் அறிவுரையைக் கேட்டு நடக்கும் பணிவும், அருகில் அமைதியாக இருக்கும் பொறுமையும் இருந்தாற் போதும். ஊரில் நம் வீட்டாரைக் காத்து நிற்கும் அண்டை வீட்டாருக்கு, நாம் வந்து வாழும் ஊரில் நாம் செலுத்தக்கூடிய நன்றிக்கடனும் அதுவே.