டெமரேஜ்: சென்னைத் துறைமுகத்தின் நாள்வாடகைக் கணக்கு

கப்பலிலிருந்து இறங்கிய சரக்கைத் துறைமுகம் கொடுத்த கெடுவுக்குள் எடுக்காமல் விட்டால், அதன் பிறகு அது கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பணம் கட்ட வேண்டும். தம்பு செட்டித் தெருவில் உட்கார்ந்திருக்கும் கிளியரிங் ஏஜென்ட் முதல் எண்ணூர் ஆலையின் ஸ்டோர் கீப்பர் வரை எல்லோருக்கும் இது டெமரேஜ்தான். சரக்கின் விலையில் இது சேராது. கப்பல் கூலியிலும் சுங்க வரியிலும் சேராது. கெடுவுக்குள் எடுத்திருந்தால் ஒரு காசு ஆகியிருக்காது. அதனாலேயே ஆலைகள் இதற்கென்று முன்கூட்டித் தொகை ஒதுக்குவது அரிது. ஆண்டு முடிவில் கணக்கில் மட்டும் வந்து நிற்கும். கணினி நிறுவனங்கள் இன்று கிளவுட் பில்லைப் பார்த்துத் தலையைப் பிடித்துக்கொள்கின்றன என்றால், அந்தத் தலைவலிக்கு வடசென்னையில் நூறாண்டுக்கு மேற்பட்ட முன்கதை உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சென்னையில் சரக்கு தேங்கிக் கிடக்கத் துறைமுகமே இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும். அலை மடிந்து உடையும் அந்தக் கரையில் சாதாரணப் படகு பிழைக்காது. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுதான் அலைக்கு வளைந்து கொடுத்துக் கரை சேரும். வணிகர் கொடுத்தது நடைக்கூலி. கடல் கொந்தளித்தால் கூலி ஏறும். மூட்டை நனைந்தாலும் காணாமல் போனாலும் நட்டம் அவருடையது. செலவு முழுவதும் சரக்கை நகர்த்துவதில் இருந்தது.

1861-ல் கடலுக்குள் 1,100 அடி நீளத்துக்கு இரும்புத் தூண்களின் மேல் ஒரு பாலம் கட்டினார்கள். புயல்களில் அது அடிபட்டது. அடுத்து, இரண்டு அலைதடுப்புச் சுவர்களால் கடலை வளைத்துத் துறைமுகம் கட்டும் வேலை 1870-களில் தொடங்கியது. முடியும் தறுவாயில், 1881 நவம்பரில் வந்த புயல் அதையும் சிதைத்துவிட்டது. மீண்டும் கட்டினார்கள். நிர்வாகத்துக்கு 1886-ல் ஹார்பர் டிரஸ்ட் அமைந்தது. 1905-ல் அது மெட்ராஸ் போர்ட் டிரஸ்ட் ஆயிற்று. 1904-ல் தலைவராக வந்த பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கிழக்கு வாயிலை மூடி, வடகிழக்கில் புதிய வாயிலைத் திறந்தார். கப்பல் அணைந்து நிற்கும் மேடைகளும், மேடையை ஒட்டிய டிரான்சிட் ஷெட்டுகளும் அவருடைய காலத்தில் உருப்பெற்றன.

டிரான்சிட் ஷெட்டைக் கிடங்கு என்று நினைத்தால் டெமரேஜின் தர்க்கம் பிடிபடாது. கப்பல் இறக்கிய சரக்கு சுங்கச் சோதனை முடியும் வரை தங்கிப்போகும் இடம் அது. ஒரு ஷெட் நிரம்பிவிட்டால் அடுத்த கப்பல் சரக்கை இறக்க முடியாது; இறக்க முடியாத கப்பல் மேடையை விட்டு நகராது; மேடை காலியாகாவிட்டால் வெளியே நங்கூரமிட்ட கப்பல் உள்ளே வராது. ஒருவருடைய பத்து மூட்டை பலருடைய கப்பலை நிறுத்திவிடும். எனவே முதல் சில நாள் இலவசம், பிறகு வாடகை, நாள் ஏற ஏற வாடகை விகிதமும் ஏற்றம் என்ற முறை உலகத் துறைமுகங்களில் பரவலாயிற்று. சென்னையும் அப்படியே செய்தது. ஷெட்டைப் பராமரிக்க ஆகும் செலவுக்கும் அந்த விகிதத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எடுத்துக்கொண்டு போ என்று விரட்டுவதற்கான விலை அது.

இந்த விலையை அதிகம் கொடுத்தவை துறைமுகத்துக்கு வடக்கே எழுந்த ஆலைகள். ராயபுரத்தில் 1856-லேயே ரயில் நிலையம் வந்துவிட்டது. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை, 1946-ல் பலூன் பட்டறையாகப் பிறந்த எம்.ஆர்.எஃப்., 1955-ல் என்ஃபீல்டு. எண்ணூரில் 1948-ல் தொடங்கிப் பின்னர் அசோக் லேலண்டான அசோக் மோட்டார்ஸ். மணலியில் 1969-ல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அதையடுத்து உர ஆலை. இயந்திரமும் உதிரிபாகமும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தாக வேண்டும். அது இறக்குமதி உரிமத்தின் காலம் வேறு. உரிமத்தில் எழுதிய பெயருக்கும் பெட்டிக்குள் இருக்கும் பொருளுக்கும் ஒரு சொல் வித்தியாசம் என்றாலும் சரக்கு நின்றுவிடும். அதிகாரிகள் விசாரிப்பார்கள். டெமரேஜ் ஓடிக்கொண்டிருக்கும்.

தவறே செய்யாதவர் ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வி நீதிமன்றம் போனது. மெட்ராஸ் போர்ட் டிரஸ்டுக்கும் அமின்சந்த் பியாரேலால் என்ற இறக்குமதியாளருக்கும் இடையிலான அந்த வழக்கில், இறக்குமதியாளரின் குற்றம் இல்லாமல் தடுத்துவைக்கப்பட்ட காலத்துக்கும் டெமரேஜ் கேட்பது நியாயமற்றது என்பது உயர் நீதிமன்றத்தின் கருத்து. 1975-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. துறைமுகம் நெரிசலின்றி இயங்குவதற்கான கருவியே டெமரேஜ். தாமதம் யாரால் வந்தது என்பது துறைமுகத்தின் கவலை இல்லை. கட்டண விகிதம் செல்லும் என்று முடிவாயிற்று. இறக்குமதியாளர்களுக்குக் கசந்த தீர்ப்பு. ஆனால் அதில் ஒரு தெளிவு இருந்தது: கடிகாரம் இடத்துக்கு ஓடுகிறது, காரணத்துக்கு ஓடுவதில்லை. சுங்கத் துறை கைப்பற்றிய அல்லது தடுத்துவைத்த சரக்குக்கு வாடகை வாங்கக் கூடாது என்ற விதி 2009-ல்தான் வந்தது. அதை வைத்துக்கொண்டு இன்றும் வழக்குகள் நடக்கின்றன.

கன்டெய்னர் வந்ததும் கணக்கு மாறியது. 1983 டிசம்பர் 18-ம் தேதி பிரதமர் இந்திரா காந்தி சென்னையில் கன்டெய்னர் முனையத்தைத் திறந்துவைத்தார். கன்டெய்னருக்கென்றே நாட்டில் அமைந்த முதல் முனையம் அதுதான். மூட்டையும் மரப்பெட்டியும் போய், இருபதடி, நாற்பதடி இரும்புப் பெட்டிகள் அடுக்கடுக்காக ஏறின. 2001-ல் முனையத்தை நடத்தும் உரிமை 30 ஆண்டு ஒப்பந்தத்தில் தனியாருக்குப் போயிற்று. பெட்டியைத் திறந்து சோதிக்கும் வேலை துறைமுகத்துக்கு வெளியே, திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கங்களில் பெருகிய சரக்கு நிலையங்களுக்கு நகர்ந்தது. தொழிலில் இவற்றுக்கு சி.எஃப்.எஸ். என்று பெயர்.

இங்கே ஒரு பெட்டியை நெருங்கிப் பார்ப்பது நல்லது. எண்ணூர் ஆலைக்கு ஒரு நாற்பதடி பெட்டி வருகிறது. அதன் மேல் மூன்று கடிகாரங்கள் ஓடும். முனையத்துக்குள் கிடந்தால் முனையத்தின் வாடகை, சி.எஃப்.எஸ். யார்டில் கிடந்தால் அவர்களுடைய கிரவுண்ட் ரென்ட். இரண்டையும் தாண்டி, இரும்புப் பெட்டி கப்பல் நிறுவனத்தின் சொத்து என்பதால், அதைக் காலி செய்து திருப்பிக் கொடுக்கும் வரை லைனுக்கு டிடென்ஷன். ஒவ்வொன்றுக்கும் இலவச நாள் வேறு. துறைமுகத்தில் இலவச நாளை எண்ணும்போது அறிவிக்கப்பட்ட விடுமுறைகளைக் கழிப்பது வழக்கம். வாடகை ஓடத் தொடங்கிவிட்டால் ஞாயிறும் பொங்கலும் கணக்கில் வரும். லைன்கள் பெரும்பாலும் நாட்காட்டி நாளைத்தான் எண்ணும், டிடென்ஷனை டாலரில் போடும். ரூபாய் சரிந்தால், அசையாமல் நிற்கும் பெட்டியின் வாடகையும் உயரும். சரக்கை இறக்கிவிட்டு வெறும் பெட்டியை ஆலை வளாகத்தில் மறந்துவிட்டால் முதல் இரண்டு கடிகாரங்கள் நின்றிருக்கும், மூன்றாவது ஓடும். டிடென்ஷன் பில்லில் அதிர்ச்சி தருவது பெரும்பாலும் இந்த வெறும் பெட்டிதான்.

சாலையும் தன் பங்குக்குச் சேர்ந்துகொண்டது. துறைமுக வாயிலுக்கு முன், எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலிச் சாலையிலும் டிரெய்லர்கள் கிலோமீட்டர் கணக்கில் வரிசையில் நிற்பது பல ஆண்டுகள் அன்றாடக் காட்சி. சாலையை அகலப்படுத்தும் எண்ணூர்–மணலித் திட்டம் இழுத்துக்கொண்டே போனது. துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலச் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டி, 2012-ல் வேலை நின்று, 2022-ல் மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள். அந்த வரிசையில் சிக்கிய பெட்டிக்கும் டிடென்ஷன் உண்டு.

ஆலைகள் இந்தச் செலவோடு போராடிய விதத்தில் இரண்டு கட்டங்களைப் பார்க்கலாம். முதலில் விகிதத்தோடு மோதினார்கள்: தள்ளுபடி மனு, சங்கத்தின் கோரிக்கை, வழக்கு. மேஜர் துறைமுகங்களின் கட்டணத்தை நிர்ணயிக்க 1997-ல் தனி ஆணையம் வந்த பிறகு அந்தப் போர் அதன் முன்னே நடந்தது. பலன் சொற்பம். செலவைக் குறைத்தது இரண்டாவது வழி. பில் வந்ததும் கணக்குப் பிரிவு கட்டிவிட்டுப் போகாமல், எந்தக் கொள்முதல் ஆணையின் சரக்கு, எந்த நாளில் எந்த மேசையில் நின்றது என்று பெட்டி வாரியாகக் குறிப்பது. அந்தத் தொகையைப் பொதுச் செலவில் கரைக்காமல், காரணமான பிரிவின் கணக்கிலேயே எழுதுவது. ஆவணம் வங்கியில் நின்றதா, ஸ்டோர்ஸில் இடமில்லை என்று திருப்பினார்களா, தேவைக்கு முன்பே ஆர்டர் போட்டார்களா என்பது அப்போதுதான் வெளியே வரும். அதன் பிறகுதான் ஆண்டுக்கு இத்தனை பெட்டி தருகிறோம், இலவச நாளைக் கூட்டிக் கொடு என்று லைனிடம் பேரம் பேசவும் முடியும். 2016-க்குப் பிறகு பரவிய நேரடி டெலிவரி முறையில், நம்பகமான இறக்குமதியாளர் சி.எஃப்.எஸ். பக்கமே போகாமல் முனையத்திலிருந்து ஆலைக்குப் பெட்டியைக் கொண்டுபோகலாம். ஒரு கடிகாரம் குறைந்தது. தன் ஆவண ஓட்டத்தை முன்பே ஒழுங்கு செய்து வைத்தவருக்கே அந்தச் சலுகை பயன்பட்டது.

யாருமே கேட்காத சரக்கும் உண்டு. சுங்கச் சட்டத்தின் 48-ம் பிரிவின்படி, இறங்கி 30 நாளுக்குள் எடுக்காத சரக்கை, உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்து, சுங்கத் துறையின் அனுமதியோடு விற்கலாம். நடைமுறையில் ஆண்டுக்கணக்காகும். 2015-ல் கைப்பற்றிய ஏறக்குறைய 700 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலியில் ஒரு சரக்கு நிலையத்தில் 37 பெட்டிகளில் கிடந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் அதே பொருளால் வெடித்துச் சிதறிய பிறகுதான் ஊர் விழித்தது. ஏலம் விட்டு ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். ஐந்தாண்டு கிடந்ததை அகற்றச் சில நாள் போதுமாக இருந்தது. அதே ஆண்டு ஊரடங்கில் டிடென்ஷன் வாங்க வேண்டாம் என்று கப்பல் போக்குவரத்து இயக்ககம் லைன்களுக்கு அறிவுறுத்தியது. காரணத்தைப் பார்த்துக் கடிகாரம் நின்ற அபூர்வத் தருணம் அது.

துறைமுகத்தின் காகிதங்கள் இதற்குள் கிளவுடுக்கு ஏறிவிட்டன. இந்தியத் துறைமுகச் சங்கம் 2018 டிசம்பரில் தொடங்கிய பி.சி.எஸ். 1எக்ஸ் ஆவணத் தளமே கிளவுடில் இயங்கியது. கம்ப்யூட்டரை வாங்காமல் நேரக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் இந்த முறை 2006-ல் அமேசானின் ஈ.சி.2 சேவையோடு பெரிய வணிகமாயிற்று. மைக்ரோசாஃப்ட் 2015-ல் தன் தென்னிந்திய டேட்டா சென்டர் மையத்தைச் சென்னையில் திறந்தது. தொடக்கத்தில் ஈ.சி.2-ல் ஒரு மணி நேரத்தில் பாதியே ஓடினாலும் முழு மணிக்குக் கட்டணம். 2017-ல்தான் லினக்ஸ் சர்வர்களுக்கு நொடிக் கணக்கு வந்தது. ஓராண்டு, மூன்றாண்டு உறுதி கொடுத்தால் குறைந்த விலை என்ற ஏற்பாடு 2009-லிருந்து இருக்கிறது. லைனிடம் பெட்டி எண்ணிக்கையைச் சொல்லி இலவச நாள் கேட்கும் அதே பேரம்.

வீணாகும் இடமும் ஒன்றுதான். வாரத்தில் 168 மணி நேரம். ஒரு புரோகிராமர் ஐந்து நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று சோதனை சர்வரைப் பயன்படுத்தினால் 50 மணி. மீதி 118 மணிக்கும் வாடகை ஓடும். வேலை முடிந்து சர்வரை அழித்த பிறகும் அதோடு இருந்த டிஸ்க் தனியே நின்று பில் ஏற்றும், ஆலை வளாகத்து வெறும் பெட்டியைப் போல. சர்வரைத் திறப்பவர் பொறியாளர், பணம் கட்டுவது கணக்குப் பிரிவு; இருவரும் ஒரே தாளைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சர்வருக்கும் எந்தப் பிரிவுடையது என்று டேக் ஒட்டுவது, செலவை அந்தப் பிரிவின் கணக்கிலேயே காட்டுவது, இரவில் தானாக அணைப்பது ஆகியவை இன்று ஃபின்ஆப்ஸ் என்ற பெயரில் ஒரு துறையாகிவிட்டன. அதற்கான அறக்கட்டளை 2019-ல் தோன்றியது. டெமரேஜ் பில்லைப் பெட்டி வாரியாகப் பிரித்த ஸ்டோர்ஸ் குமாஸ்தாவுக்கு இதில் புதிதாக எதுவும் இருந்திருக்காது.

ஒரு வேறுபாடு மட்டும் பெரிது. துறைமுகத்துக்கு இடம் குறைவு. கிடக்கும் சரக்கால் அதற்கும் நட்டம். அதனால் விலையை ஏற்றி விரட்டுகிறது, 30 நாள் கடந்தால் விற்கச் சட்டம் வைத்திருக்கிறது. கிளவுட் நிறுவனத்துக்கு, மறந்துபோன டிஸ்க் மாதம் தவறாமல் வரும் வருமானம். பணம் வந்துகொண்டிருக்கும் வரை அதை அவர்கள் ஏலம் விடுவதும் இல்லை, அழிப்பதும் இல்லை.