ஒளி வளையங்களால் அளந்த கண்ணாடி

ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் சைஸ் 1846இல் தொடங்கிய பட்டறையில், வில்லைகளின் வளைவைச் சரிபார்க்கும் பொறுப்பு நாளடைவில் ஒளியிடமே விடப்பட்டது. தேவையான வளைவுக்குத் துல்லியமாக இழைத்த 'சோதனைக் கண்ணாடி'யை வில்லையின்மீது வைத்தால், இடையிலுள்ள காற்றுப் படலத்தால் நியூட்டன் வளையங்கள் எனப்படும் வண்ணப் பட்டைகள் தோன்றும். அடுத்தடுத்த இரு வளையங்களுக்கிடையே படலத்தின் தடிமன் ஒளியின் அரை அலைநீளம், அதாவது பச்சை ஒளியில் ஏறத்தாழ 0.00027 மில்லிமீட்டர், மாறுவதால் வளையங்களை எண்ணியே பிழையை அறியலாம். கைச்சூடு பட்டாலே கண்ணாடி விரிந்து வளையங்கள் உருமாறும் என்பதால், அது ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஜெர்மானிய ஒளியியலாளர் ஃபிரான்ஹோஃபர் முன்பே கையாண்ட இம்முறையை 1861 வாக்கில் யேனாவில் செம்மைப்படுத்திய சைஸ் பட்டறைக் கைவினைஞர் ஆகஸ்ட் லோபரின் பெயர், பின்னால் வந்த இயற்பியலாளர் ஏர்ன்ஸ்ட் அபேயின் புகழில் மங்கிப்போனது நியாயமன்று; அபேயின் வில்லைக் கணக்கீடுகளைக் கண்ணாடியில் நிறைவேற்ற இத்தகைய சோதனை இன்றியமையாதது.

ஆனால் ஒப்பிடும் கருவியே பிழைபட்டால் இத்தகைய முறைகள் அந்தப் பிழையையே சரியெனச் சான்றளிக்கும். 1990இல் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி, சோதனைக் கருவியின் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் விலகியிருந்ததால் தவறான வடிவில் மெருகேற்றப்பட்டது; வேறு சோதனைகள் பிழையைக் காட்டியும் அவை பொருட்படுத்தப்படவில்லை.