லாரன்ஸ் வைலி பரிசு

லாரன்ஸ் வைலி பரிசு, பிரெஞ்சுச் சமூகத்தையோ பண்பாட்டையோ ஆராயும் சிறந்த கல்விப்புல நூலுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை வழங்கப்படுவது. இலக்கியத் திறனாய்வுக்கும் அரசியல் வரலாற்றுக்கும் தனித்தனியே பரிசுகள் இருக்கும் துறையில், அன்றாட வாழ்க்கையை ஆராய்வோருக்கு உரியதாக இது நிற்கிறது. அந்தத் தன்மை இதன் பெயருக்கு உரியவரிடமிருந்தே வந்தது எனலாம்.

வைலி (1909–1995) அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் பிறந்தவர். ஹேவர்ஃபோர்டு கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்தவர். பிரெஞ்சு நாகரிகத்தைப் பாரிஸின் நூலகங்களில் தேடுவதே வழக்கமாக இருந்த காலத்தில், 1950-இல் மனைவியையும் இரண்டு சிறு மகன்களையும் அழைத்துக்கொண்டு, தெற்கே வோக்ளூஸ் பகுதியில் காவிமண்ணுக்குப் பேர்போன ருசியோன் என்ற ஊருக்குப் போய் ஓராண்டு குடியிருந்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எப்படி அடக்கப்படுகிறார்கள், காப்பிக் கடையில் யார் யாருடன் சீட்டாடுகிறார்கள், யாருக்கு யாருடன் பேச்சுவார்த்தை இல்லை என்பதையெல்லாம் பொறுமையாகக் குறித்தார். ஊரின் பெயரை ‘பெய்ரான்’ என மாற்றி 1957-இல் அவர் வெளியிட்ட ‘வோக்ளூஸில் ஒரு கிராமம்’ இன்றும் படிக்கச் சுவையானது. அவர் அங்கே குடியிருந்தபோது, மீண்டும் ஒரு போர் வரும் என்ற அச்சத்தில், காய்க்கப் பல ஆண்டு பிடிக்கும் பழமரங்களை நடவே அவ்வூர் உழவர்கள் தயங்கினார்கள். பத்தாண்டு கழித்து வைலி திரும்பிச் சென்றபோது, அவர்கள் கடன் வாங்கி டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள், தோப்புகளும் வைத்திருந்தார்கள். போருக்குப் பிந்தைய பிரான்ஸ் மாறிய விதத்தை இவ்வளவு சுருக்கமாகக் காட்டும் புள்ளிவிவரம் கிடைப்பது அரிது.

1959-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு நாகரிகப் பேராசிரியரானார். 1965 முதல் 1967 வரை பாரிஸிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் பண்பாட்டு அதிகாரியாகவும் பணியாற்றினார். பின்னர், அறுபது வயதைத் தாண்டியவர், ஜாக் லெகோக்கின் நாடகப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்து ஊமைக்கூத்து பயின்றார். பிரெஞ்சுக்காரர்களின் கைச்சைகைகளைப் பற்றி 1977-இல் புகைப்படங்களுடன் ஒரு நூலும் வெளியிட்டார். பேராசிரியர்களில் இத்தகையவர் குறைவு.

பரிசு பெற்ற நூல்களில் பரவலாக அறியப்பட்டது கிறிஸ்டின் ராஸ் 1995-இல் வெளியிட்ட ‘வேகமான கார்கள், தூய்மையான உடல்கள்’. 1950, 60-களில் பிரெஞ்சு வீடுகளுக்குள் குளிர்பெட்டியும் சலவை இயந்திரமும் நுழைந்ததையும், அதே காலத்தில் அல்ஜீரியா பிரான்சின் பிடியிலிருந்து விடுபட்டதையும் வரலாற்றாசிரியர்கள் இரு வேறு கதைகளாகச் சொல்லிவந்தனர். இரண்டும் ஒரே கதை என்பது ராஸின் வாதம். வைலி ஓர் ஊரில் உட்கார்ந்து பார்த்தார். ராஸோ இயக்குநர் ஜாக் தாத்தியின் திரைப்படங்களிலும் நாவல்களிலும் பெண்கள் இதழ்களிலும் சான்று தேடினார். இரு முறைகளுக்கும் இந்தப் பரிசில் இடம் உண்டு.